கூடைப்பந்தில் ஷாட் விழாத நாளில் எது கைகொடுக்கும்: ரீபவுண்டா, பிரெஸ்ஸா?

கணக்கு எளிது. எதிரணி 48 ஷாட்டில் பாதியைப் போட்டால் 24 கூடை. நாம் 40 சதவீதமே போட்டாலும் 60 ஷாட் எடுத்தால் அதே 24. அந்த 12 கூடுதல் ஷாட்டை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

ஒரு வழி ரீபவுண்ட், அதாவது தவறிய நம் ஷாட்டை நாமே பிடிப்பது. மூன்று பேர் உள்ளே பாய, இரண்டு பேர் பின்னால் நிற்க வேண்டும். நான்காவது ஆளும் ஆசைப்பட்டு ஓடினால் எதிரணிக்கு சுலப லேஅப் (கூடைக்கு அருகிலிருந்து போடும் ஷாட்). மூலையிலிருந்து தவறும் மூன்று புள்ளி ஷாட் பெரும்பாலும் மறுபக்கம்தான் விழும். இடம்பிடித்தல் அங்கிருந்தே தொடங்கட்டும். பிடித்த பந்தை இடுப்புக்கு இறக்காதீர்கள், எதிரணியின் குட்டையான கார்டு (வெளியே நின்று பந்தை நடத்தும் ஆட்டக்காரர்) தட்டிப் பறித்துவிடுவார். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இப்படிப் பிடித்தபின் ஷாட் கடிகாரம் (ஷாட் எடுப்பதற்கான கெடு) 30க்கு அல்ல, 20 வினாடிக்கே திரும்பும்.

மற்றது முழுமைதான பிரெஸ்: மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிப்பது. நடுக்கோட்டைத் தாண்டியவுடன் பக்கக்கோட்டோரம் இருவர் மடக்குவார்கள். ஒன்பது, பத்து பேரின் மூச்சு தேவை. அதே கல்லூரி ஆட்டத்தில், ஒரு பாதியில் நம் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத ஷாட்) வேறு.

பலர் மறப்பது இது: பிரெஸ்ஸை ஒழுங்காக அமைக்க நம் கூடை விழ வேண்டும், அப்போதுதான் அவரவர் இடத்துக்கு வர நேரம் கிடைக்கும். விழாத அணிக்கு அந்த வாய்ப்பே குறைவு. பயிற்சியாளர் பாப் ஹக்கின்ஸின் வெஸ்ட் வர்ஜீனியா கல்லூரி அணி 2014-15இல் இரண்டையும் சேர்த்தே ஆடி, தேசியப் போட்டியின் ஸ்வீட் 16 (கடைசி 16 அணிகள்) வரை போனது. அங்கே கென்டக்கியிடம் 39-78 எனத் தோற்றது. ஒன்றுதான் முடியுமென்றால், ரீபவுண்டைத்தான் எடுப்பேன்.