லங்காவியில் நாலு வருஷம்: படகுத் தேக்கைத் தேய்த்த கதை

மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் எங்கள் 32 அடி பாய்மரப் படகு பழசு. வெளியே தெரியும் தேக்கு மூன்று இடங்களில்தான்: உட்காரும் பலகை, கைப்பிடிக் கட்டை, வாசல் பலகை. நாலு வருஷத்தில் வெயிலும் மழையும் கெடுத்ததைவிட, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான் கெடுத்ததுதான் அதிகம்.

வாங்கும்போது எல்லாம் சாம்பல் நிறம். பார்க்கச் சகிக்காமல், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரால் அடித்தேன். அரை மணியில் பொன்னிறம் வந்தது. கூடவே ரேகைகளுக்கு நடுவே இருந்த மென்மையான மரமும் அரித்துக்கொண்டு போய்விட்டது. தடவினால் சீப்புப் பற்கள் போல வரிவரியாகத் தட்டியது. அதைச் சமமாக்க உப்புத்தாள் போட்டதில் இன்னொரு மில்லிமீட்டர் போனது.

அடுத்து தேக்கு எண்ணெய். பூசிய அன்று கல்யாண வீட்டுக் கதவு மாதிரி பளபளத்தது. செப்டம்பர், அக்டோபர் மழையில் பார்த்தால் ஒரே கரும்புள்ளி. நான் வாங்கியதில் இருந்தது ஆளிவிதை எண்ணெய். பூஞ்சணத்துக்கு அது விருந்துச் சாப்பாடு.

சாம்பல் நிறம் உளுத்துப்போன அடையாளம் அல்ல, மேல்தோல் வெளுப்பது மட்டுமே என்பது புரிந்தபின் உட்காரும் பலகைக்கு எதுவும் பூசுவதில்லை. வாரம் ஒருமுறை வாளியில் கடல்நீர், மெத்தென்ற பிரஷ், ரேகைக்குக் குறுக்காக லேசாக ஒரு தேய்ப்பு. உப்பு இருந்தால் பாசி அவ்வளவாக அண்டாது. கறை மிஞ்சினால் வருஷத்துக்கு ஒருமுறை ஆக்சாலிக் அமிலக் கரைசல். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்ததும் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், உதிரும் துணுக்குகள் துருப்பிடித்துக் கறையாகும். வெண்கல நார் வாங்குங்கள்.

கைப்பிடிக் கட்டைக்கு மட்டும் வார்னிஷ். தேக்கின் சொந்த எண்ணெய் வார்னிஷை ஒட்ட விடாது என்பதால் முதலில் அசிட்டோன் துணியால் துடைப்பேன். முதல் பூச்சு தின்னர் கலந்து நீர்க்க. மொத்தம் ஏழு பூச்சு. இந்த வெயிலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மேல்பூச்சு தேவை. ஒருமுறை சோம்பல்பட்டுத் தள்ளிப்போட்டேன், ஓரத்தில் உரிந்து, உள்ளே நீர் புகுந்து கட்டை கறுத்துவிட்டது. திரும்பச் சுரண்டி ஏழு பூச்சு. கேன்வாஸில் உறை தைத்துப் போட்டபிறகுதான் வேலை குறைந்தது.

வாசல் பலகையில் இன்னும் முடிவு எடுக்கவில்லை. சோதனைக்காகப் பாதிக்கு வார்னிஷ் பூசி, மறுபாதியை வெறுமனே விட்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் பாக்கியை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கிறார்கள்.