காட்டுப்பன்றிக்கு .315: பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பரண் மேல் உட்கார்ந்து, 80 மீட்டருக்குள், குண்டு மண்ணில் இறங்கும்படி கீழ்நோக்கிச் சுடுபவருக்கு இஷாப்பூர் .315 ரைபிளைவிடப் பொருத்தமானது இந்த விலைவாசியில் கிடையாது. கடலைக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு டார்ச் வெளிச்சத்தில் சுடப்போகிறவர் இதை வாங்கவே கூடாது. அவருக்குப் பன்னிரண்டு போர் (உருண்டைகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்) போதும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, முதலமடைப் பக்கம் பன்றி சுடுவதற்கான பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் பலரும் "ரைபிள்தானே, எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று நினைக்கிறார்கள். ஆகாது.

இது பட்டாளத்து வம்சத்துத் துப்பாக்கி. பிரிட்டிஷ் இந்தியப் படை 1907 முதல் தூக்கிய லீ-என்ஃபீல்டின் போல்ட்டும் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் தண்டு) ரிசீவரும்தான் (அது ஓடும் கூடு) இதன் உடம்பு. படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டால், அதே துப்பாக்கியை ஆஸ்திரியப் படையின் பழைய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்றபடி குழாய் மாற்றி விற்றார்கள். அதுதான் .315. முதலில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. செய்தது, பிறகு வங்காளத்து இஷாப்பூர் ஆலை செய்தது. 2021 அக்டோபரில் படைக்கல ஆலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்ததிலிருந்து துப்பாக்கி ஒரு கம்பெனி, தோட்டா இன்னொரு கம்பெனி. .303 இன்றும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட போர் (குழாய் அளவு); .315 அப்படியில்லை. நியூசிலாந்தில் 1930 முதல் அரசு சம்பளத்துக்கு மான் சுட்டவர்கள் தூக்கியதும் இதே லீ-என்ஃபீல்டைத்தான், .303 குழாயோடு. அங்கே 1969-க்குப் பிறகு மானைப் பண்ணையிலேயே வளர்க்கிறார்கள். வேலிக்குள் நிற்கும் மானை அருகிலிருந்து தலையில் சுட்டுக் கழிக்கலாம். இங்கே மானைத் தொடவே கூடாது. நம் வேலை இருட்டில் ஓடும் பன்றியோடு. ஆகவே அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தத் துப்பாக்கியின் பெரிய பலம் போல்ட். மவுசர் வகை ரைபிளில் போல்ட் கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். இதில் 60 போதும். திறக்கும்போது ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டு இல்லை, மூடித் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் ஏறுகிறது. அதனால் தோளிலிருந்து எடுக்காமலேயே இரண்டாவது தோட்டாவை ஏற்றிவிடலாம். பன்றி விஷயத்தில் அந்த இரண்டாவது குண்டுதான் காயம்பட்ட விலங்கைக் காட்டுக்குள் விடாமல் காப்பாற்றும். குண்டின் எடை சுமார் 15.8 கிராம், வேகம் விநாடிக்கு 600 மீட்டர் சொச்சம். இன்றைய கணக்கில் மெதுவான குண்டு. ஆனால் முனை மழுங்கிய ஈயக் குண்டு கனத்தோடு போவதால், ஆண்பன்றியின் தோள்மேல் இருக்கும் தடித்த கேடயத் தோலைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பன்னிரண்டு போருக்குப் போடும் எல்.ஜி. தோட்டாவின் ஆறு உருண்டைகள் 30 மீட்டருக்கு அப்பால் அந்தத் தோலிலேயே நின்றுவிடுவதுண்டு.

எங்கே சுடுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பன்றியின் முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் உடம்பு உயரமாகத் தெரியும். நடுவில் குறிவைப்பதாக நினைத்துக்கொண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில் சுட்டுவிடுவார்கள். பன்றி விழும், எழுந்து ஓடிவிடும். இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு முன்னங்காலின் பின்கோட்டிலேயே ஏறி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்த வேண்டும். பரணிலிருந்து சுடும்போது குண்டு மேலிருந்து சாய்வாக இறங்கும் என்பதால் ஒரு கைவிரல் அகலம் மேலே வைக்கலாம்.

ஜீரோவை, அதாவது சைட்டில் பார்க்கும் இடத்திலேயே குண்டு படும் தூரத்தை, 50 மீட்டரில் வையுங்கள். அப்படி வைத்தால் 100 மீட்டரில் குண்டு ஆறு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே விழும். பன்றியின் நெஞ்சுக்கு அது பெரிய பிழை இல்லை. 100-ஐத் தாண்டினால் சரிவு வேகமாகக் கூடும். ரைபிளின் பின் சைட்டில் தூரத்துக்கு ஏற்ப நிமிர்த்தும் இலைகள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கீழ் இலையிலேயே விட்டுவிட்டு, மற்றவை தவறி எழுந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜீரோ ஒரு முறை வைத்தால் நிற்குமா என்றால், இந்தத் துப்பாக்கியில் நிற்காது. முக்கியமான குறை இதுதான். முன்கட்டை மரம். கோடையில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வறட்சியில் சுருங்கும், மலையோரத்து ஆடி மழையில் தண்ணீர் குடித்து வீங்கும். வீங்கிய கட்டை குழாயை ஒரு பக்கம் தள்ளும். மே மாதம் குறியின் நடுவில் பட்ட குண்டு ஆகஸ்டில் நாலு விரல் தள்ளிப் படுவது இதனால்தான். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரிக்கர் கார்டின் முன் ஸ்குரூ தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். அதை முதலில் இறுக்கிப் பாருங்கள். பிறகு துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கட்டையைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து உறிஞ்ச விட்டு, நாலைந்து முறை ஊட்டினால் மரம் ஈரத்தை எளிதில் ஏற்காது. வெளியே மட்டும் வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவது கண்ணுக்குத்தான். எப்படிச் செய்தாலும் மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை ஜீரோ பார்க்காமல் பரண் ஏற வேண்டாம்.

மேகசின் ஐந்து தோட்டா பிடிக்கும். தோட்டாவின் அடியில் விளிம்பு இருக்கிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி போட வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கோத்துக்கொண்டு நின்றுவிடும். பன்றி முன்னால் நிற்கும்போது அதைப் பிரிக்க முடியாது. வெளிச்சத்திலேயே, ஒவ்வொன்றாக, கையால் தடவிப் பார்த்து நிரப்புங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் கட்டையின் மெருகைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது போல்ட் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றா என்பதை. வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டியிருந்தால், தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையில் இடைவெளி கூடியிருக்கலாம். சுட்ட பித்தளைக் கூட்டின் அடியில், விளிம்புக்குச் சற்று மேலே, பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் கூடு இழுபடுகிறது என்று பொருள். இன்னும் சில முறை போனால் அடி தனியாக அறுந்து, மீதிக் கூடு துப்பாக்கியின் தோட்டா அறைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த வளையம் தெரிந்த துப்பாக்கியை அன்றே நிறுத்திவிடுங்கள். சுத்தம் செய்ய போல்ட்டை முழுவதும் பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேல்நோக்கித் திருப்பினால் கழன்றுவிடும். கோலைப் பின்பக்கத்திலிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கத்திலிருந்து விட்டால் குழாயின் வாய் விளிம்பு தேய்ந்து குறி கெடும்.

பழைய தோட்டாவின் அடிப்பொட்டு (மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) உப்பைக் கக்கும் வகையாக இருக்கலாம். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்று இரவே கொதிக்கும் வெந்நீரைக் குழாய்க்குள் ஊற்றி, துணியால் முற்றிலும் துடைத்து, பிறகு எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர் ஒரு வாரத்தில் குழாய்க்குள் செம்மண் நிறத்தைப் பார்ப்பார். தோட்டாவில் பச்சை பூத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். டிரிக்கர் இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியைக் குறிப்பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருந்து, பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா போல்ட் திறந்த நிலையில் வெடித்தால் முகம் போய்விடும்.

டிரிக்கர் பட்டாளத்து வகை: முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், ஒரு இடத்தில் தடுக்கும், அதற்கு மேல் அழுத்தினால் வெடிக்கும். பன்னிரண்டு போர் பழகியவர்கள் அந்தத் தளர்வைக் கோளாறு என்று நினைத்துக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்க வேண்டாம். பாதுகாப்புக் கொக்கி இடப்பக்கம் பின்னால் இருக்கிறது, அதை நம்பலாம். சுத்தியை அரைப் பிடியில் நிறுத்தி அதையே பாதுகாப்பு என்று எண்ணிப் பரண் ஏறுவது மடத்தனம்.

பரண் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் பாலக்காட்டுக் கிழக்கின் தரை. கணவாய் வாயில் மண் சமதளம், வரப்புக்கு அந்தப் பக்கம் வீடு, தென்னந்தோப்பில் கள் இறக்குபவர், ரோட்டில் பால்வண்டி. .315 குண்டு தடுப்பில்லாமல் போனால் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். துப்பாக்கி தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 40 மீட்டரில் நிற்கும் பன்றியின் நெஞ்சைத் துளைத்து வெளியேறும் குண்டு அதற்குப் பின்னால் நாலு மீட்டருக்குள் மண்ணில் இறங்கிவிடும். நின்று சுட்டால் பதினைந்து மீட்டர் தள்ளி, அதுவும் மிகச் சாய்வாகத் தரையை உரசும். காய்ந்த மண்ணிலும் பாறையிலும் குண்டு தெறித்து மேலெழும். அந்தப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலந்தாவளம் போன்ற இடங்களில் அந்த "அப்பால்" தமிழ்நாடாகவே இருக்கலாம்.

பரணை எந்தப் பக்கம் கட்டுவது என்பதையும் கணவாய்க் காற்றே தீர்மானிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை கிழக்குக் காற்று கணவாய்க்குள் புகுந்து அடிக்கும். அப்போது விளைநிலத்தின் மேற்கு ஓரத்தில் உட்கார வேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில் காற்று திரும்பிவிடும், ஆகவே கிழக்கு ஓரம். ஒரே பரணை வருடம் முழுக்க வைத்துக்கொண்டு "பன்னி வரவே இல்லை" என்பவர்கள் தங்கள் வாடையைத் தாங்களே அனுப்புகிறார்கள்.

வெளிச்சம் பிடிப்பவர் தனியாக இருக்கட்டும். கண் மின்னுவதை மட்டும் பார்த்துச் சுடக் கூடாது. நாய்க்கும் மாட்டுக்கும் மிளாவுக்கும் கண் மின்னும். முழு உருவம் தெரிந்த பிறகே டிரிக்கரில் விரல். சுட்டதும் இறங்கி ஓட வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, பட்ட இடத்தின் ரத்தத்தைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், தூரம் போயிருக்கும். பச்சையாகச் செமிக்காத தீனி கலந்திருந்தால் குடல். இரவில் தேடாமல் விடிந்ததும் நாலு பேராகப் போவதுதான் சரி.

சட்டப் பக்கம் சுருக்கமாக. கேரளத்தில் 2022 மே முதல் பஞ்சாயத்துத் தலைவருக்கும் நகரசபைத் தலைவருக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உண்டு. விஷம், வெடி, மின்வேலி எதுவும் கூடாது. உத்தரவு கையில் இல்லாமல் சுட்டால் உங்கள் சொந்த நிலமானாலும் குற்றம்தான். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் அந்த உத்தரவு செல்லாது. தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்வார்கள். காயம்பட்ட பன்றி கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அப்பால் ஓடினால் துப்பாக்கியோடு பின்தொடராதீர்கள். இரு பக்க வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான் என்பதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் ஒன்றை விட்டுத்தான் இதை வாங்க முடியும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். ஒப்படைக்கும் முன் குழாய்க்குள் கிரீஸ் தடவி, போல்ட் முகத்திலும் தடவிக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் அந்தக் கிரீஸை முழுவதும் துடைத்தெடுக்காமல் சுடக் கூடாது. குழாயில் அடைத்த கிரீஸ் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றி ஆழமாகப் புதைக்க வேண்டும், இறைச்சிக்கு எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்த பிறகு இது வெறும் சடங்கு இல்லை. பன்றிப் பண்ணை வைத்திருப்பவர் பரணுக்குப் போட்ட செருப்போடு கொட்டிலுக்குள் போகக் கூடாது. கத்தி, கயிறு, சாக்கு எல்லாம் தனியாக வைத்துக் கழுவுங்கள்.