8000 லூமென் டார்ச் வாங்கி ஏமாந்தேன்: பேட்டரி செல்லை எடை போட்டுப் பாருங்கள்

சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சின்னதாக ஒரு டார்ச் தேடுகிறவர்கள், அதிலும் இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு டார்ச் என்பது ஆசைக்கு வாங்கும் பொருள் இல்லை. கடைசிப் பேருந்தில் இறங்கினால் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. பாதி தூரம் வாய்க்கால் கரை. கட்டுவிரியன் இருட்டிய பிறகுதான் இரை தேடிக் கிளம்பும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபோன் வெளிச்சம் காலடியைக் காட்டும். பத்து எட்டு தள்ளிக் கிடப்பதைக் காட்டாது. வேலை முடிந்து வரும் நேரத்தில் ஃபோனில் சார்ஜும் இருக்காது.

அப்பாவிடம் ரெண்டு கட்டை போடும் பழைய பித்தளை பேட்டரி லைட் உண்டு. அதை இடுப்பில் செருகினால் வேட்டி அவிழும். அதனால் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் தேடி, கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடித்த ஒன்றை 799 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் போட்டிருந்தது: 8000 லூமென் (லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு), 9900 எம்.ஏ.எச். (சார்ஜ் கொள்ளளவு) பேட்டரி, ஒரு கிலோமீட்டர் பாயும், தண்ணீர் புகாது, ஐந்து மோட். நாலரை நட்சத்திரம் வேறு.

முதல் வாரம் வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கினால் பளீரென்று நீலம் கலந்த வெள்ளை. ஆனால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் மோட் மாறும்; குறைந்த வெளிச்சத்துக்குப் போய்விட்டுப் பழையபடி கூட்ட வேண்டுமானால், கண்ணைப் பறிக்கும் மினுக்கலையும் எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துச் சைகையையும் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு நாள் தெரு நாய் உறுமுகிறது, நான் வாய்க்கால் கரையில் போலீஸ் வண்டி மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கிறேன். எதிரே சைக்கிளில் வந்த பெரியப்பா இறங்கி நின்று, “என்னடா, ஆபத்தா?” என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள் இரவு பாதி வழியில் வெளிச்சம் மஞ்சளாகிச் செத்தது. மாலையில்தான் சார்ஜ் போட்டிருந்தேன். போட்டு இருபது நிமிடம்கூட எரியவில்லை. மீதித் தூரத்தைத் தரையைத் தட்டித் தட்டி நடந்தேன். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள். அது முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

சரி, சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது என்று, கூடவே கொடுத்த சார்ஜரில் டார்ச்சின் பேட்டரி செல்லைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டால் கை வைக்க முடியவில்லை. மேலுறை ஓரத்தில் சுருங்கியிருந்தது. பச்சை விளக்கு மட்டும் எரியவே இல்லை. செல்ஃபோன் பழுது பார்க்கும் நண்பனுக்கு வீடியோ அனுப்பினேன். “மாப்ள, முதல்ல பிளக்கை உருவு. அதை வாசல்ல வை, கட்டில் பக்கம் வைக்காத” என்றான். மறுநாள் அதே சார்ஜரை மீட்டரில் வைத்துப் பார்த்தான். இந்த மாதிரி லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். இது 4.4-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்துகிற சர்க்யூட்டே அதில் இல்லை.

அப்புறம் அவன் செய்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். பக்கத்து நகைக்கடைத் தராசில் செல்லை வைத்தான். இந்த வகைச் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். என்னுடையது 26 கிராம். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டதில் 700 எம்.ஏ.எச்.கூடத் தேறவில்லை. இந்த அளவில் நல்ல கம்பெனிகள் செய்வதே பெரும்பாலும் 3500-க்குள்தான். ஆக 9900 என்று அச்சடித்த செல்லைக் கண்டால் மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டாம், அது பொய். இப்படிப்பட்ட போலிகளை அறுத்தவர்கள் உள்ளே சின்ன செல் ஒன்றும் சுற்றிலும் மாவு மாதிரித் தூளும் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். நான் அறுக்கவில்லை. நீங்களும் அறுக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

8000 லூமென் கதையும் அப்படித்தான். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 150 லூமென் தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 8000-க்கு 50 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டை இத்தனூண்டு அலுமினியக் குழாயில் அடைத்தால் தோசைக்கல்லைக் கையில் பிடிக்கிற மாதிரிதான். பெயருள்ள கம்பெனிகள் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவீட்டு முறையைச் சொல்லி எண் தருவார்கள். அதில் டார்ச்சை எரியவிட்டு 30 விநாடி கழித்துத்தான் லூமெனை அளக்க வேண்டும். முதல் பளீரைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாயும் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவு. எரியும் நேரம் என்பது ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகும் வரை. இதிலேயே கொஞ்சம் ஏமாற்று உண்டு: “பத்து மணி நேரம்” என்பதில் கடைசி மணிகள் மின்மினிதான். இருந்தாலும் பொய்க்கு ஓர் எல்லை இருக்கிறது.

‘தண்ணீர் புகாது’ பற்றிச் சொல்லவே வேண்டாம். கழுத்தை இழுத்து ஒளியைக் குவித்து விரிக்கிற ஜூம் வகை அது. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே காற்றை உறிஞ்சும், தூறலில் ஈரத்தையும் சேர்த்து. லென்ஸுக்குப் பின்னால் பனி படிந்தது மூன்றாம் நாளே. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் பேசினேன். “சார், பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டீங்க” என்று பதில். பாக்ஸைத் திறக்காமல் டார்ச்சை எப்படி எரிய வைப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அட்டையில் இறக்குமதி செய்தவர் முகவரியே இல்லை, செல்லில் ஐ.எஸ். 16046 என்ற பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் பதிவு எண்ணும் இல்லை. இந்த இரண்டையும் தராசுக் காட்சியையும் படமெடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பிறகே அசைந்தார்கள். 799 ரூபாய் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. படம் எடுத்து வைத்திருக்காவிட்டால் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது வைத்திருப்பது கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ பேட்டரி ஒன்றில் ஓடும் சின்ன டார்ச். 100 லூமெனை ஒட்டித்தான். அதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வாய்க்கால் கரைக்கு அது தாராளம். தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும். சட்டைப் பையில் மாட்ட கிளிப் உண்டு. பின் மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பைக்குள் தானாக எரியாது. ஒன்று மட்டும் கவனம்: இதே அளவில் 14500 என்று ஒரு லித்தியம் செல் விற்கிறது. பார்க்க டபுள் ஏ போலவே இருக்கும், 1.5 வோல்ட்டுக்குப் பதில் 3.7. டார்ச் அதைத் தாங்கும் என்று எழுதியிருந்தாலொழியப் போடாதீர்கள். சுவர்க் கடிகாரத்தில் கண்டிப்பாகக் கூடாது.

நேற்று அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். அதே படம், அதே ஜூம் கழுத்து, கடைப் பெயர் மட்டும் வேறு. விலை 849. இப்போது 12,000 லூமென் என்று போட்டிருக்கிறார்கள்.