கோத்தகிரிக் குளிரில் ஒரு ஸ்பிரிங் மேசை: ஏழு மாத அனுபவம்

இருக்கிற மேசை மேலேயே தூக்கி வைத்து, நின்றும் உட்கார்ந்தும் வேலை பார்க்க ஏற்றி இறக்குகிற தட்டு ஒன்றை முதுகுவலி தாங்காமல் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. விலை 14,000 சொச்சம். மோட்டார் கிடையாது, அடைத்த வாயுவால் தூக்கும் கேஸ் சிலிண்டர் கிடையாது, உள்ளே ஸ்பிரிங்கும், அதன் இழுவையைச் சமப்படுத்தும் கேம் (cam) என்ற தகடும்தான்.

மோட்டார் ஏன் வேண்டாம் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஐப்பசி மழையில் ஒரு மரம் லைன் மேல் சாய்ந்தால் அன்றைக்கு முழுக்க கரண்ட் இருக்காது, மேசை எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில்தான் வேலை. கேஸை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். கோயம்புத்தூரில் ரூம் எடுத்து இருந்தபோது, மே மாத வெக்கையில் முடுக்கி வைத்த கேஸ் மானிட்டர் ஆர்ம் (மானிட்டரைத் தாங்கும் கை) ஒன்றை கோத்தகிரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மார்கழிக் காலையில் மானிட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கும், வெயில் ஏறினால் ஒழுங்காக நிற்கும். அடைபட்ட வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், 20 டிகிரி இறங்கினால் தூக்கும் சக்தியில் சுமார் 7 சதவீதம் போய்விடும். எஃகு ஸ்பிரிங் இந்தக் குளிரையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் அப்பா, "நம்ம கடை ஷட்டர்தானேடா இது" என்றார். பாதி சரி. ஷட்டர் மேலே சுருளச் சுருள, தொங்குகிற எடை குறையும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் கூடவே தளரும், கணக்கு ஓரளவு சரியாகிவிடும். என் மானிட்டர் 5 கிலோ, அது கீழேயும் 5 கிலோதான், மேலேயும் 5 கிலோதான். ஸ்பிரிங்கோ கீழே விறைப்பாக இருந்து மேலே போகப் போகத் தளர்கிறது.

அதற்குத்தான் கேம். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன் (வாரன்டி போகும், நான் சொன்னேன் என்று செய்யாதீர்கள்). உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகடு, நத்தை ஓடு மாதிரி ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கிறது, அதன் விளிம்பில் ஸ்பிரிங்கோடு கட்டிய கம்பி சுற்றியிருக்கிறது. ஸ்பிரிங் விறைப்பாக இருக்கையில் கம்பி அச்சுக்குக் கிட்டத்தில் பிடித்து இழுக்கிறது, தளரத் தளர அச்சைவிட்டுத் தள்ளிப் போய்ப் பிடிக்கிறது. இழுவை குறைகிற அளவுக்கு நெம்பும் தூரம் கூடிவிடுவதால், எந்த உயரத்திலும் தூக்கும் பலம் ஒன்றுதான். ஐரோப்பாவின் பழைய சாவி கடிகாரங்களில் 500 வருடத்துக்கு முன்பே கூம்பில் நரம்போ சங்கிலியோ சுற்றி இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். சரியாக முடுக்கிவிட்டால் இரண்டு விரலால் தட்டு மேலே போகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது, அந்தச் சுகத்துக்கே காசு கொடுக்கலாம்.

அந்த "சரியாக முடுக்குவது" இருக்கிறதே, அதில்தான் உயிர் போகும். மேலே வைக்கிற எடை மாறினால் ஆலன் கீயால் (ஆறு பட்டைச் சாவி) பத்துப் பன்னிரண்டு சுற்று திருக வேண்டும், கூட வந்த கீ இரண்டாம் நாளே மழுங்கிவிட்டது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. இரண்டாவது வாரம், தட்டு பாதி உயரத்தில் இருக்கும்போது லாக் போடாமல் துடைப்பதற்காக மானிட்டரைக் கழற்றித் தூக்கினேன். எடை போனதும் தட்டு விருட்டென்று எகிறி, ஓரத்தில் இருந்த டீ டம்ளர் சுவரில் மோதி, கீபோர்டெல்லாம் டீ. எதையும் எடுப்பதற்கு முன் தட்டை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் லாக் போடுங்கள்.

அப்புறம் துரு. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் ஊர் இது, நாலாவது மாதமே கம்பியில் செம்பட்டை நிறம் தட்டியது. பைக் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சம் கிரீஸ் வாங்கித் தடவினேன், அதற்குமேல் பரவவில்லை. ஆனாலும் ஒருநாள் அறுந்தால் என்ன செய்வது என்று விற்றவர்களுக்கு ஸ்பேர் கம்பி கேட்டு மூன்று மெயில் போட்டேன், இன்றுவரை பதில் இல்லை. கடை ஷட்டர் ஸ்பிரிங் உடைந்தபோது அப்பா மார்க்கெட் பக்கத்தில் ஆளைப் பிடித்து அன்று சாயங்காலமே மாற்றிவிட்டார்.