செங்கால் சைலோ என்று சொல்லி என் தலையில் கட்டியது பால் மரம்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். "தீவனத்துக்கு மரச் சைலோ, அசல் செங்கால், பத்து வருஷ உத்தரவாதம், 4,800 வெள்ளி (ரிங்கிட்)" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறார். சைலோ என்றால் தீவனத்தைக் கொட்டி வைக்கும் உயரமான தொட்டி; செங்கால் என்றால் உறுதிக்குப் பேர்போன நம் காட்டு மரம். அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு விழித்தவன் நான். விஷயம் கோர்ட்டுக்குப் போயிருப்பதால் பெயரையும் நம்பரையும் போடவில்லை. ஆனால் ஆளின் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டால் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

தோட்டத்துக்குப் பின்னால் எனக்கு எழுபது ஆடுகள். புல்லோடு சேர்த்து பி.கே.சி., அதாவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, ஆட்டுக்கு அரை கிலோ கணக்கில் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு 35 கிலோ. இதுவரை 50 கிலோ மூட்டையாகத்தான் வாங்கினேன். மூட்டைக்கு மூட்டை எலி ஓட்டை. கொட்டகையின் ஒரு மூலையில் எப்போதும் மாவு சிந்திக் கிடக்கும். மூட்டை இல்லாமல் லாரியில் மொத்தமாக இறக்கினால் விலை குறைகிறது, ஆனால் கொட்டி வைக்க இடம் வேண்டும். இரும்புச் சைலோ விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்த நேரத்தில்தான் இவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். "அண்ணே, இது ஒண்ணும் புதுசு இல்ல, உங்க பாட்டி ஊர்ல இருந்த பத்தாயம் மாதிரிதான்" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாகும்வரை அந்தப் பத்தாயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: அடியில் சின்னக் கதவு, பலகையைத் தூக்கினால் நெல் தானாகச் சரிந்து முறத்தில் விழும். நெல் வழுவழுப்பானது, ஓடும். புண்ணாக்குத் தூள் அப்படி ஓடாது, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றினாலும் சொல்லவில்லை.

கோட்டேஷன் ஒரு தாளில் நான்கே வரி. 5 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி, செங்கால் சட்டம், பிளைவுட் சுவர், தகரக் கூரை. "மூணு டன் பிடிக்கும்ணே" என்றார். அந்தக் கணக்கு மட்டும் சரி. 200 கன அடி, அதாவது ஐந்தரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல்; பி.கே.சி. மூன்று டன் கொள்ளும். முன்பணம் 2,500 வெள்ளி, மீதி வேலை முடிந்த அன்றே. ஆகஸ்ட் மாதம் மூன்றே நாளில் கட்டி முடித்தார்கள். கரும்பழுப்புச் சாயமும் வார்னிஷும் அடித்து, கோயில் தேர் மாதிரி பளபளவென்று நின்றது. ஏணியைச் சாத்தி வைத்து நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டார். என் மனைவி மாவு அள்ளும் நீல வாளியைக்கூட நகர்த்தச் சொல்லவில்லை.

முதல் அடி அன்றைக்கே விழுந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மேலே தீவனம் கொட்டுவதற்கு விட்ட வாசல் ஓர் அடிக்கு ஓர் அடி. மூன்று டன்னையும் வாளி வாளியாக ஏணியில் ஏற்றி அந்தப் பொந்துக்குள் கொட்ட இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஒரு வாரத்தில் சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. ராத்திரியில் 'டப்', 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் ஆணிகள் கால் அங்குலம் வெளியே வந்து நிற்கின்றன. போன் செய்தால் "புது மரம்ணே, செட் ஆகும்" என்றார். நான்காவது தடவைக்கு அப்புறம் போனை எடுக்கவில்லை. நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

எங்கள் லயத்தில் ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்தில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகையெல்லாம் கட்டியவர். கூட்டி வந்து காட்டினேன். சைலோவைச் சுற்றி ஒரு நடை நடந்தார், உளியை எடுத்து ஒரு தூணின் மறைவான பக்கத்தில் விரல் அகலம் சீவினார். சாயத்துக்குக் கீழே வெள்ளை வெளேர் என்று மரம், நடுநடுவே மை கொட்டியது போல நீலக் கறுப்புத் திட்டுகள். "செங்காலாவது ஒண்ணாவது! பால் மரம்டா தம்பி" என்றார்.

பால் மரம் என்றால் ரப்பர் மரம், எங்கள் அம்மா முப்பது வருஷம் பால் வெட்டிய மரம். அதையே எனக்குச் செங்கால் என்று விற்றிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பால் மரத்தைக் குறை சொல்லவில்லை. மேசை நாற்காலிக்கு அருமையான மரம், நம் நாட்டு மரச்சாமான் தொழிலே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது அறுத்த கொஞ்ச நாளிலேயே பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடிக்கும் மரம். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி உலையில் காயவைக்க வேண்டும். அந்த மருந்தும் மழை பட்டால் கரைந்து போய்விடும், அதனால் வெளியில் நிற்கும் வேலைக்கு அது ஆகாது. என் தூண்களையோ வெறும் மண்ணில் புதைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு காலில் கரையான் ஏறிவிட்டது. செங்கால் என்றால் கனமான மரம், ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல். பால் மரம் 600 சுற்றி. ஒரே அளவுத் துண்டை இரண்டு கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். சாயம் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் மாதிரி கொடுத்து என்ன மரம் என்று கேட்கலாம்.

பிளைவுட்டின் கதை அடுத்தது. தண்ணீருக்குத் தாங்கும் ரகம் என்று சொல்லியிருந்தார். மாமா ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து என் மனைவியிடம் கொடுத்து, "பழைய சட்டியில போட்டுக் கொதிக்க விடும்மா" என்றார். சாயங்காலத்துக்குள் வாழைமட்டை மாதிரி தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. வீட்டுக்குள் அலமாரிக்குப் போடும் பசை அது. வெளியில் நிற்கும் ரகத்தின் பசை மூன்று நாள் கொதித்தாலும் விடாது.

ஆனால் மரமும் பிளைவுட்டும் நல்லதாகவே இருந்திருந்தாலும் இந்தச் சைலோ நின்றிருக்காது. மாமா காட்டிய இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தூண்களை உள்ளே நிறுத்தி, பலகையை வெளிப்பக்கமாக வைத்து ஆணி அடித்திருந்தார்கள். வீட்டுச் சுவருக்கு அப்படித்தான் அடிப்போம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் தீவனம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பலகை வெளியில் இருந்தால் அந்தத் தள்ளு முழுவதும் ஆணியைப் பிடுங்கும் வேலையைத்தான் செய்யும். தூண் வெளியே, பலகை உள்ளே இருந்தால் தீவனமே பலகையைத் தூணோடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். ஆணிக்கு வேலையே இல்லை. எட்டடி புண்ணாக்கு அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர அடியையும் கிட்டத்தட்ட 30 கிலோ கணக்கில் தள்ளும். ஒரு பக்கச் சுவரை மொத்தமாகப் பார்த்தால் அரை டன்னுக்கு மேல். தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால் இது குறைவுதான், ஏனென்றால் தீவனத்தின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுவரின் உரசல் தாங்கிக்கொள்கிறது. யான்சன் என்ற ஜெர்மன்காரர் 1895-இலேயே இதற்குக் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். என் சைலோக்காரர் எந்தக் கணக்கும் போடவில்லை. இரண்டரை அடிக்கு ஒரு சட்டம், சுற்றிக் கட்ட ஒரு இரும்புப் பட்டைகூட இல்லை.

அப்புறம் மழை வந்தது. செப்டம்பர், அக்டோபரில் நம் கெடாப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஒழுகவில்லை, அதில் குறை இல்லை. ஆனால் கூரைக்கு அடியில் காற்றுப் போக்கே வைக்கவில்லை. பகல் வெயிலில் தீவனத்திலிருந்து கிளம்பும் ஈரம் மேலே நிற்கும், ராத்திரி தகரம் குளிர்ந்ததும் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக வேர்த்து அப்படியே தீவனத்தின் மேல் சொட்டும். ஒரு நாள் விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். சோற்றுச் சட்டி மூடியைத் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது. மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கட்டி, கட்டிக்குள் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை.

கீழேயும் இதே லட்சணம். அடித்தளத்துக்கு லேசான சரிவுதான், திறப்பு ஆறு அங்குலம். புண்ணாக்கு வளைவு கட்டி நின்றுகொண்டது. கம்பியால் குத்தினால் ஒரு வாளி விழும், மறுபடி நிற்கும். கலைத்துவிடலாம் என்று ஒருமுறை நான் மேலிருந்து உள்ளே இறங்கப் போனேன். மாமா சட்டையைப் பிடித்து இழுத்துத் திட்டினார். கீழே குடைந்து, மேலே ஓடு மாதிரி நிற்கும் தீவனத்தில் கால் வைத்தால் ஆளோடு உள்ளே போய்விடும். தனியாக எந்தச் சைலோவுக்குள்ளும் இறங்காதீர்கள்.

ஆடுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கின. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கட்டியை உடைத்து, வெயிலில் காயவைத்து, நல்லதோடு கலந்து போட்டேன். இரண்டு சினை ஆடுகள் செத்தன. பூஞ்சை நஞ்சாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு வெயிலில் காய்ந்தாலும், சூடு பண்ணினாலும் போகாது, பூஞ்சை பிடித்ததைக் கொட்டிவிடுவதுதான் வழி என்றார். ஒரு டன்னுக்கு மேல் குழி வெட்டிப் புதைத்தேன். இதில் என் பேராசைக்கும் பங்கு உண்டு. எழுபது ஆட்டுக்கு மூன்று டன் என்றால் 85 நாள் சரக்கு. நம் ஈரக் காற்றில் அவ்வளவு நாள் எதற்குக் கட்டி வைக்க வேண்டும்?

விடாமல் துரத்தியதில் சைலோக்காரர் ஒரே ஒரு முறை வந்தார். "உள்பக்கம் மருந்து ஏத்துன பச்சை மரம் அடிச்சுத் தர்றேன், 900 வெள்ளி மட்டும் குடுங்க" என்றார். அந்தப் பச்சை தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தின் நிறம். ஆர்சனிக் என்றால் பாஷாணம். வேலித் தூணுக்கு வைக்கலாம், தீவனம் படும் இடத்தில் வைக்கவே கூடாது. மாமா வாசலைக் காட்டினார்.

பணம் திரும்பி வருமா என்று அலைந்ததையும் சொல்கிறேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அது வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் பொருள், சேவைக்குத்தான்; ஆட்டுப் பண்ணை தொழில் என்பதால் வேறு வழி பார்க்கச் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒன்று உண்டு. 5,000 வெள்ளி வரை, வக்கீல் வேண்டாம், படிவம் 198-ஐ நாமே நிரப்பிக் கொடுக்கலாம். என் 4,800 அதற்குள் அடங்கியது. புதைத்த தீவனமும் செத்த ஆடுகளும் அடங்கவில்லை. கையில் இருந்த ஆதாரம் அந்த நான்கு வரித் தாளும், வாட்ஸ்அப் பேச்சும், வங்கி ரசீதும்தான். அவருடைய விசிட்டிங் கார்டில் இருந்த பதிவு எண்ணை எஸ்.எஸ்.எம்., அதாவது நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தால், கார் கழுவும் கடை. அந்தத் தேடலைப் பணம் கொடுக்கும் முன் செய்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இப்போது மாமா கட்டித் தந்தது சின்னது. 4 அடிக்கு 4 அடி, நேர்ச்சுவரும் 4 அடிதான், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். தூண்கள் இடித்த பழைய தோட்ட வீட்டுச் செங்கால், பழைய மரக் கடையில் எடுத்தோம்; ஐம்பது வருஷ மரத்தில் ஆணித் துளை இருக்கிறதே தவிர சொத்தை இல்லை. தூண் வெளியே, பலகை உள்ளே, சுற்றிலும் மூன்று இரும்புப் பட்டை, அடியில் நெருக்கமாக. கால்கள் சிமெண்டுக் கட்டையின் மேல் இரும்புச் செருப்பில் நிற்கின்றன, எலி ஏறாமல் இருக்கக் கவிழ்த்த தகரக் குடை. கீழே கூம்பு அறுபது டிகிரிச் சரிவு, மூலைகளில் முக்கோணச் சட்டம், திறப்பு ஓர் அடி. கூரை ஒன்றரை அடி வெளியே நீண்டு நிற்கிறது, இரண்டு முக்கோண முகப்பிலும் கம்பி வலை. மாதம் ஒருமுறை காலியாக்கி, பெருக்கி, ஒரு நாள் திறந்து போட்டுவிட்டு மறுபடி நிரப்புகிறேன்.

சைலோக்காரர் நம்பரை மாற்றிவிட்டார். போன வாரம் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இந்த ஆள் நல்லவரா?" என்று கேட்டார். செய்து முடித்த வேலை என்று ஒரு பளபளப்பான சைலோ படம். ஏணியின் அடியில் ஒரு நீல வாளி தெரிந்தது, பிடி உடைந்து கயிறு கட்டிய வாளி. அது எங்கள் வீட்டு வாளி.