நைன் சர்க்கிள்ஸ்: அழிக்க மனம் வராத ஒரு லெவல்

போனில் இடம் நிரம்பும்போதெல்லாம் ஜியோமெட்ரி டேஷில் சேமித்து வைத்த லெவல்களைக் கழித்துக்கட்டுவது என் வழக்கம். விளையாடி முடித்தது போகும், முடிக்கவே முடியாது என்று தெரிந்ததும் போகும். நைன் சர்க்கிள்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் தப்பித்துக்கொள்கிறது. கல்லூரிக் காலத்து மலிவு போன், அப்புறம் ஒரு டேப்லெட், இப்போது வீட்டு கம்ப்யூட்டர் என்று கருவி மாறினாலும் அது கூடவே வருகிறது.

விளையாட்டே தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்வீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா 2013 ஆகஸ்டில் வெளியிட்டது ஜியோமெட்ரி டேஷ். ரசிகர்கள் அவரை ராப்டாப் என்பார்கள். சதுரக் கட்டம் ஒன்று பாட்டுக்கு ஏற்ப தானாக ஓடும். தொட்டால் குதிக்கும், முள்ளில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான். ராப்டாப் செய்த லெவல்கள் இருபத்துச் சொச்சம். மீதி எல்லாம் விளையாடுபவர்களே எடிட்டரில் கட்டி ஏற்றியவை, அவற்றுக்குக் கணக்கே கிடையாது. காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பில்தான் அந்த வாசல் முழுதாகத் திறக்கும். இலவச லைட் பதிப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘சின்னப் பிள்ளை விளையாட்டு’ என்று மூடி வைத்தவர்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும்.

நைன் சர்க்கிள்ஸ் அப்படி ஒரு ரசிகர் கட்டிய லெவல்தான். செய்தவர் ஸோப்ரோஸ் என்ற பெயரில் விளையாடுபவர். 1.9 பதிப்புக் காலத்துச் சரக்கு. 2014 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பு இரண்டு காரியம் செய்தது. நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் இருக்கும் பாடல்களை லெவலுக்குப் போட்டுக்கொள்ள வழி விட்டது. இன்னொன்று வேவ். பட்டனை அழுத்திப் பிடித்தால் சாய்வாக மேலே ஏறும், விட்டால் அதே சாய்வில் கீழே இறங்கும் ஒரு சின்ன அம்பு. பிளாஸ்ட் பிராசசிங் என்ற அதிகாரப்பூர்வ லெவலில் ராப்டாப் இதை அறிமுகப்படுத்தியபோது பாதை தாராளமாக இருந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூடத் தாண்டிவிடலாம். ஸோப்ரோஸ் அதே அம்பை எடுத்து, பாதையை ஒடுக்கி, பின்னணியைப் படபடவென்று மின்னவிட்டு, பாட்டின் பீட் இறங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த வேவ்தான் இந்த லெவல். மற்றதை நான் பெரிதாகப் பாராட்ட மாட்டேன். முன்னால் வரும் கியூப் (சதுரம் குதிப்பது), ஷிப் (கப்பலாய்ப் பறப்பது) பகுதிகள் எல்லாம் அந்தக் காலத்து எந்த டீமன் லெவலிலும், அதாவது மிகக் கஷ்டமான தர லெவலிலும், இருக்கக்கூடியவை. பழகிய பிறகு அவை வெறும் வாசல்படி. பாட்டு ஏறிக்கொண்டே போகும், கட்டைவிரலில் லேசாக வியர்க்கும், சட்டென்று பீட் விழும், அம்பு பாதைக்குள் நுழைந்திருக்கும். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. வழி ஒடுங்கும் இடங்களில் அழுத்திப் பிடிக்கவே நேரமில்லை, சின்னச் சின்னத் தட்டலாகத் தட்டி அம்பை ஏறக்குறைய நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். ஒரு தட்டல் கொஞ்சம் நீண்டால் கூரை, கொஞ்சம் தாமதித்தால் தரை.

திரை மின்னுவதால் கண்ணை நம்பிப் பயனில்லை. முதலில் எல்லோரும் கண்ணால்தான் விளையாடிப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணுக்கு வேலை குறைந்து காதுக்குப் போய்விடும். கரண்ட் போன வீட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி. எத்தனை படி, எங்கே திருப்பம் என்று காலுக்குத் தெரியும், கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது. இன்றைக்கும் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினால் என்னால் வேவின் பாதியைக்கூடத் தாண்ட முடிவதில்லை. ‘ரிதம்’ என்று விளம்பரம் செய்யும் எத்தனையோ விளையாட்டுகளில் பாட்டு சும்மா பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே தாளம் தப்பினால் சாவு.

வேவ் முடிந்ததும் லெவல் முடிந்துவிடாது என்பது இதன் பெரிய குசும்பு. கை நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அடுத்தடுத்த பகுதிகள் வரும். தனியாகப் பார்த்தால் அவை ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது சாதாரண முள்ளே மலையாகிவிடும். செத்ததும் திரையில் ‘நியூ பெஸ்ட்’ என்று, லெவலில் எவ்வளவு தாண்டினோம் என்ற ஒரு நல்ல சதவீதம் மின்னும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியாது.

நான் இதைத் தொடங்கிய காலத்தில் டீமன் என்றால் டீமன்தான். கொம்பு வைத்த ஒரே முகம், பத்து நட்சத்திரம். முதல் டீமனாகப் பலர் முடிக்கும் தி நைட்மேருக்கும் அதே முகம், அன்றைக்கு உலகமே அலறிய பிளட்பாத்துக்கும் அதே முகம். ஈஸி, மீடியம், ஹார்ட், இன்சேன், எக்ஸ்ட்ரீம் என்ற பிரிவுகள் 2017 ஜனவரியில் 2.1 பதிப்போடுதான் வந்தன. நைன் சர்க்கிள்ஸுக்கு ஹார்ட் டீமன் பட்டம் கிடைத்தது. நியாயமான பட்டம்தான். இருந்தாலும் எதற்குள் கால் வைக்கிறோம் என்றே தெரியாமல் கால் வைத்த அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு திகில் இருந்தது.

2.1-க்குப் பிறகு 2.2 வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஏழு வருடம். அந்த வறட்சியில் விளையாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் லெவல் கட்டிய ரசிகர்கள்தான் என்பேன். நைன் சர்க்கிள்ஸுக்கோ ஒரு பரம்பரையே உருவாகிவிட்டது. மின்னும் திரை, ஒடுங்கிய வேவ், அதே அச்சில் வார்த்த லெவல்கள். ‘நைன் சர்க்கிள்ஸ் லெவல்’ என்றே ஒரு வகைப் பெயர் நிலைத்துவிட்டது. போல்டர்கைஸ்ட், சகுபென் ஹெல், சோனிக் வேவ் எல்லாம் அந்த வழி வந்தவைதான். கஷ்டத்தில் மூலத்தைத் தாண்டிப் போனவை அவற்றில் உண்டு, அழகில் தாண்டியவையும் உண்டு. பல வாரிசுகளில் வேவ் சும்மா நீண்டுகொண்டே போகும், எங்கே மூச்சு விடுவது என்று கட்டியவரே யோசித்திருக்க மாட்டார். மூலத்தில் அந்தக் குறை இல்லை.

என் சித்தப்பா பையன் இப்போதைய லெவல்களில் வளர்ந்தவன். கேமரா சுழலும், பின்னணியில் ஏதோ படம் மாதிரி கதை ஓடும், அந்த வகை. அவனிடம் இதைக் காட்டினேன். “என்னண்ணா இது, வெறும் கட்டமா இருக்கு?” என்றான். தப்பில்லை. பொருள்களை நகர்த்தும் மூவ் ட்ரிகரே 2015-ல் 2.0 வந்த பிறகுதான் கிடைத்தது. அதற்கு முன்பு கட்டியவர்களிடம் இருந்தது அசையாத கட்டங்களும் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய நிறங்களும்தான். அதை வைத்துக்கொண்டு திரையே துடிக்கிற மாதிரி காட்டியிருக்கிறார் ஸோப்ரோஸ். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் அவன் வேவில் நாலைந்து முறை செத்திருந்தான். டேப்லெட் அன்று இரவுதான் திரும்பக் கிடைத்தது.

கருவி விஷயத்தில் என் அனுபவம் இது. மலிவு போனில் தொட்டதற்கும் அம்பு திரும்புவதற்கும் நடுவே மெல்லிய தாமதம் இருந்தது, வேவில் அதுவே எமன். புளூடூத் இயர்போனை மறந்துவிடுங்கள், சத்தம் பிந்தி வந்தால் காதை நம்பி ஆட முடியாது. வயர் இயர்போன் போதும். கம்ப்யூட்டரில் மவுஸ் கிளிக் வேவுக்கு ரொம்பவே வசதி. ஆனால் சதவீதம் ஏறினாலும் போனில் கட்டைவிரலால் கிடைத்த திருப்தி அதில் பாதிதான்.

பிராக்டிஸ் மோடில் வேவுக்குச் சற்று முன்னால் ஒரு பச்சை செக்பாயிண்ட் வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஆடிப் பழகுங்கள். லெவலின் பாட்டையே பிராக்டிஸிலும் ஓடவிடும் வசதி இப்போது இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிராக்டிஸுக்கென்று ஓடும் அந்த வழக்கமான மெல்லிய பாட்டை வைத்து இந்த வேவைப் பழகுவதில் அர்த்தமே இல்லை.

வலிப்பு நோய் உள்ளவர்கள், வெளிச்சம் மின்னினால் தலைவலி வருகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வரவேண்டாம். பழைய லெவல் என்பதால் மின்னல் மிதமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களும் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஆடுங்கள்.