நிலவியலா, புவி இயற்பியலா, இரண்டும் சேர்ந்த பட்டமா?

கல்லூரியில் பூமியைப் பற்றிப் படிக்க, தனி நிலவியல், தனி புவி இயற்பியல், இரண்டையும் சேர்த்துத் தரும் கூட்டுப் பட்டம் என்று மூன்று வழிகள் உண்டு. நான்காவதாக இன்னொன்றும் இருக்கிறது: முதலில் இயற்பியல் படித்துவிட்டு முதுகலையில் பூமியின் பக்கம் வருவது. பாறை பிடிக்குமா, கணக்கு பிடிக்குமா என்று கேட்டுப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வார்கள். பதினேழு வயதில் இரண்டுமே பிடித்திருக்கலாம், எனவே அந்தக் கேள்வி பெரிதாக உதவாது. எதைப் பிறகு படித்துக்கொள்ள முடியும், எதை இப்போதே படித்தாக வேண்டும் என்று பார்ப்பதே பயன் தரும்.

நிலவியல் பட்டத்தின் முதுகெலும்பு கனிமவியல், பாறையியல், பாறை அடுக்குகளின் வரிசையைப் படிக்கும் படிவியல், மடிப்பையும் பிளவையும் படிக்கும் கட்டமைப்பு நிலவியல் ஆகிய நான்கும்தான். பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அப்புறம் சுத்தியும் கைலென்ஸும் திசைகாட்டியுமாக மலைச்சரிவில் நின்று, எந்த அடுக்கு முதலில் படிந்தது, எது பிறகு மடிந்தது, எந்தப் பிளவு எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று வரைபடம் போடப் பழகுவார்கள். இந்தக் கண் புத்தகத்தில் கிடைக்காது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, "இங்கே மறுபடி பார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டம் முடிந்தபின் தனியாகக் கற்றுக்கொள்வது கடினம்.

இதன் எல்லை மண் மூடிய இடத்தில் தொடங்குகிறது. பாறை வெளியே தெரியாத இடங்களில் வரைபடத்தின் கோடு புள்ளிக்கோடாகிவிடும். துளை போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல ஆண்டுகள் தோண்டிய ஆய்வுத்துளையே 1989இல் 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர்.

அதற்குக் கீழே உள்ளதை நேரில் பார்க்க வழியில்லை, அளந்துதான் அறிய வேண்டும். நில அதிர்வு அலை, ஈர்ப்பு, காந்தப்புலம், மின்தடை இவைதான் புவி இயற்பியலின் கருவிகள். பூமியின் கருவுக்குள் தனியாக ஓர் உட்கரு இருப்பதை 1936இல் டென்மார்க்கின் நில அதிர்வியலாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) கண்டறிந்தது நிலநடுக்கப் பதிவுகளை வைத்துத்தான். இந்தப் படிப்பில் பாதிக்குமேல் கணக்குதான்: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றம், இவற்றை ஓட்டிப் பார்க்கப் பைத்தான் நிரல். பல இடங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் இயற்பியல் மாணவரின் நாட்கள் போலவே இருக்கும். ஒரு பாறையைக்கூடக் கையில் எடுக்காமல் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட முடியும், அதுதான் இதன் கோளாறு.

ஏன் கோளாறு என்று சற்று விரிவாகப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஈர்ப்பு விசை சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகிறது. ஆழத்தில் அடர்த்தி மிகுந்த பாறைத்திரள் ஒன்று இருக்கலாம். அல்லது மேலாகவே, அகலமாகப் பரந்த, சற்றே கனமான அடுக்கு ஒன்று இருக்கலாம். இரண்டுக்கும் கருவி ஒரே எண்ணைக் காட்ட முடியும். ஒரே தரவுக்குப் பொருந்தும் விடைகள் எத்தனையோ உண்டு, எது சரி என்பதைக் கணக்கு மட்டும் சொல்லாது. "இந்தப் பகுதியின் வரலாற்றில் அப்படி ஒரு திரள் வர வாய்ப்பே இல்லை" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். அதைச் சொல்ல நிலவியல் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய உதாரணம் பிரிட்டனின் இயற்பியலாளர் கெல்வின் பிரபு. பூமி குளிர்ந்த வேகத்தை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டவர், 1897இல் 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள் என்ற இடத்துக்கு வந்து நின்றார். அவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பாறை படிந்து, மடிந்து, அரித்துப் போயிருக்க முடியாது என்று நிலவியலாளர்கள் பலர் முனகினார்கள். அவர்களிடம் சமன்பாடு இல்லை, ஆனால் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். கெல்வினின் கணக்கில் தவறில்லை, பூமி எப்படிக் குளிர்கிறது என்று எடுத்துக்கொண்ட மாதிரியில்தான் தவறு: உள்ளே பாறை மெல்ல நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து வரும் என்பது அதில் இல்லை.

சரி, அப்படியானால் கூட்டுப் பட்டமே நல்லதா? தாளில் பார்த்தால் ஆமாம். நடைமுறையில் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு சங்கிலிகளை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். கனிமவியல் முடித்தால்தான் பாறையியல், அதன்பின் கட்டமைப்பு நிலவியல், அதன்பின் வெளியே தங்கி வரைபடம் போடும் களமுகாம். மறுபக்கம் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, அலைகள், அதன்பின்தான் நில அதிர்வியல். ஒரு கண்ணி தவறினால் ஓராண்டு போய்விடும். அதனால் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது பாதுகாப்பு. நல்ல கூட்டுப் பட்டமா என்று பார்க்க இரண்டு விஷயங்களைத் தேடினால் போதும்: கணக்குப் பாடம் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு வரை போகிறதா, சில வாரம் நீளும் வரைபடக் களமுகாம் கட்டாயமா. இரண்டும் இல்லாவிட்டால் அது இரண்டு துறைகளிலும் அறிமுகப் பாடங்களை அடுக்கிய பட்டம். பெயர் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இயற்பியல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புவி இயற்பியல் முதுகலைக்கு இயற்பியல் பட்டதாரிகளைப் பல துறைகள் விரும்பியே எடுக்கும். ஆனால் அப்படி வருபவர்கள் பாறையைப் பிந்திப் படிக்க நேரிடும், சிலர் படிப்பதே இல்லை.

வேலை என்று வரும்போது, சுரங்கமும் எண்ணெயும் விலையோடு ஏறி இறங்கும் துறைகள், அந்த ஆட்டம் இரு தரப்புக்கும் உண்டு. தரவும் நிரலும் கைவந்த புவி இயற்பியலாளர் வேறு துறைக்குத் தாவுவது எளிது. நிலத்தடி நீர், அணை, சுரங்கப்பாதை போன்றவற்றில் நிலவியலாளருக்கான இடங்கள் அதிகம். தொழில்முறைப் பதிவு கேட்கும் நாடுகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. கனடாவில் நிலவியல், புவி இயற்பியல், சுற்றுச்சூழல் புவி அறிவியல் என்று தனித்தனித் தடங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் கேட்கும் பாடங்கள் வேறு.

என் கட்சி இது. இன்னும் முடிவு செய்யாதவர்கள், கணக்கு கனமாக உள்ள பக்கத்தில் தொடங்கட்டும். புவி இயற்பியலிலிருந்து நிலவியலுக்கு மூன்றாம் ஆண்டில் நகர்ந்தவர்கள் சில பாடங்களைக் கூடுதலாக எடுத்தால் சமாளிப்பார்கள். மறுதிசையில் நகர நினைப்பவருக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு பாக்கி நிற்கும். பாறைதான் என் வாழ்க்கை என்று உறுதியாக இருப்பவர்கள் சுயவிவரத்தில் நன்றாகத் தெரியும் என்பதற்காகக் கூட்டுப் பட்டம் எடுக்க வேண்டாம். நேரியல் இயற்கணிதம் வரை கணக்கு, ஒரே ஒரு புவி இயற்பியல் பாடம், கொஞ்சம் நிரல் போதும். புவி இயற்பியலில் உறுதியாக இருப்பவர்கள் கட்டமைப்பு நிலவியலையும் களமுகாமையும் விருப்பப் பாடமாகவாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

சேரும் முன் துறையிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: எந்த மேல்நிலைப் பாடம் எந்த ஆண்டில் நடக்கிறது என்ற அட்டவணை. சிறிய துறைகளில் சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும். இரண்டு சங்கிலிகளை இழுக்கப் போகிறவருக்கு அந்தத் தாள் பாடத்திட்டத்தைவிட முக்கியம்.